மகபூப் பீவிக்கு வராத மஞ்சக் கடுதாசி

சங்கரன்கோவிலில் கல்யாணம் பேசி முடித்ததும் மண்டபம் பார்ப்பதற்கு முன்னால் மூக்காண்டியைப் பார்க்க வேண்டும் என்று ஒரு காலம் இருந்தது. அவருடைய பாத்திரங்கள் அன்றைக்கு வேறு வீட்டுக்குப் போகிறதென்றால், முகூர்த்தத்தை அடுத்த வாரத்துக்குத் தள்ளலாமா என்று ஜோசியரிடம் திரும்பப் போனவர்கள் உண்டு. இன்றைக்கு இதைச் சொன்னால் சிரிப்பார்கள். ஆனால் வைகாசி மாதத்தில் ஸ்டேஷன் ரோட்டில் நின்று பார்த்தவர்களுக்கு இது பொய்யில்லை என்று தெரியும்.

தகரக் கூரை போட்ட நீளமான கிட்டங்கி. வாசலில் "பேச்சி வாடகைப் பாத்திரக்கடை" என்று பலகை. பேச்சி அவர் மனைவி. "எம்பேர எழுதி வச்சு ஊருக்கெல்லாம் வாடகைக்கு விடுதாரு" என்று வருகிறவர்களிடமெல்லாம் அவள் சொல்லிச் சிரிப்பாள். உள்ளே அண்டாவும் சருவமும் கூரை வரைக்கும் அடுக்கியிருக்கும். மேலநீலிதநல்லூருக்கோ வாசுதேவநல்லூருக்கோ லோடு போகிற நாளில் வண்டியில் பாத்திரம் ஏற்றியது போக மனுசன் உட்கார இடமிருக்காது. மூக்காண்டி பெரிய அண்டாவுக்குள் ஏறி உட்கார்ந்துகொள்வார். வழியெல்லாம் அண்டாவின் விளிம்புக்கு மேலே அவர் தலை மட்டும் தெரியும். ரோட்டோரம் நிற்பவர்கள் கை காட்டுவார்கள், அவரும் உள்ளேயிருந்து கை காட்டிக்கொண்டே போவார்.

கல்யாண வீட்டிலிருந்து பாத்திரம் வெறுமனே திரும்பி வராது. ஒரு சருவத்தில் ரெண்டு தேங்காய் கிடக்கும், இன்னொன்றில் கொஞ்சம் அரிசி, துணியில் முடிந்த பூந்தி. முகூர்த்த மாசங்களில் பேச்சி கடைக்குப் போய்த் தேங்காய் வாங்கியதே கிடையாது.

அந்தப் பாத்திரங்களைக் கழுவுகிறவர்கள், உள்ளி உரிக்கிறவர்கள், காய் நறுக்குகிறவர்கள் என்று பெண்கள் குழு ஒன்று கூடவே போகும். அதற்குத் தலைவி மகபூப் பீவி. புருசனை இழந்தவள், அவளுக்கு ஒரே மகள் மெஹர்பானு. மூக்காண்டியைவிட ஏழெட்டு வயது மூத்தவள். அவர் அவளை அக்கா என்பார். அவள் அவரைத் தம்பி என்பாள், கோபம் வந்தால் "ஏலே மூக்கா" என்பாள். அடுப்படியில் அவள் குரல் கேட்டால் சமையல்காரரே கொஞ்சம் ஒதுங்கித்தான் நிற்பார்.

பிறகுதான் கொரோனா வந்தது. அதற்குச் சரியாக ரெண்டு மாசம் முன்னால் மூக்காண்டி ஐந்நூறு பிளாஸ்டிக் சேரும், பந்தி போடுகிற எவர்சில்வர் மேஜைகளும் வாங்கியிருந்தார். பாதி ரொக்கம், மீதி கடன். வைகாசி வந்தால் அடைத்துவிடலாம் என்பது கணக்கு. அந்த வைகாசியில் கல்யாணங்கள் வீட்டுக்குள் இருபது பேரோடு நடந்தன. இருபது பேருக்கு எந்த வீட்டிலும் பாத்திரம் இருக்கும். ஒரு கட்டைத் தவிர மற்றச் சேர்கள் பிரிக்காமலே நின்றன.

கொரோனா போன பிறகும் அந்தப் பழைய நாட்கள் திரும்பவில்லை. மண்டபங்களே பாத்திரம் வாங்கி வைத்துக்கொண்டன. பெரிய கல்யாணங்களை மதுரைக்காரர்கள், திருநெல்வேலிக்காரர்கள் மொத்தக் காண்ட்ராக்ட் எடுத்துக்கொண்டார்கள். இலையிலிருந்து பல்குத்தும் குச்சி வரைக்கும் அவர்கள் வண்டியிலேயே வந்து இறங்கியது. மூக்காண்டி ஒரு கடனை அடைக்க இன்னொன்று வாங்கினார். ஓட்டைச் சருவத்தில் தண்ணீர் பிடித்த கதைதான். காலையில் கதவைத் திறந்தால் வாசலில் யாராவது நின்றார்கள். பேச்சி பால் வாங்கப் பின்வாசல் வழியாகப் போக ஆரம்பித்தாள்.

ஒரு நாள் அவளே சொன்னாள். "இப்பிடி ஒளிஞ்சு ஒளிஞ்சு திரியதுக்குக் கோர்ட்ல போயி என்னால முடியலன்னு சொல்லிரலாம். வாங்க, வக்கீலம்மாவப் பாப்போம்."

கடனைத் தீர்க்க வழியில்லாதவர் கோர்ட்டில் திவால் மனு போட்டால், இருக்கிற சொத்தை ரிசீவர் என்கிற அதிகாரி எடுத்துக்கொள்வார். அதை விற்றுக் கடன் கொடுத்தவர்களுக்குப் பங்கு பிரித்துக் கொடுப்பார். அவர்களுக்குக் கோர்ட்டிலிருந்து நோட்டீஸ் போகும். அதைத்தான் ஊரில் மஞ்சக் கடுதாசி என்கிறார்கள். இப்போது வெள்ளைத் தாளில்தான் வருகிறது. பேர் மட்டும் மாறவில்லை.

வக்கீல் நிர்மலாதேவி பொறுமைசாலி. கடன் கொடுத்தவர்கள் பேரை ஒவ்வொன்றாகக் கேட்டு எழுதினார். தென்காசி பைனான்ஸ் கம்பெனி ஒன்று. சேர் கடை கோமதிநாதன். தாலுகா ஆபீஸில் வேலை பார்த்து ஓய்வு பெற்ற சிவசுப்பிரமணியன். பேச்சிக்கு அண்ணன் முறையில் ஒருவர்.

"இன்னும் யாராவது உண்டா?"

"இல்லம்மா."

"நல்லா யோசிச்சுச் சொல்லுங்க. இது சத்தியம் பண்ணிக் கொடுக்கிற பட்டியல். ஒருத்தர் விட்டுப்போனாலும் சிக்கல். அவங்களுக்குப் பங்கும் கிடைக்காது."

பேச்சி மேஜைக்கு அடியில் காலை நீட்டி அவர் காலை மிதித்தாள். மூக்காண்டி காலை இழுத்துக்கொண்டார். "அம்புட்டுதாம்மா" என்று கையெழுத்துப் போட்டார்.

வெளியே வந்ததும் பேச்சி பிடித்துக்கொண்டாள். "மகபூப் அக்கா எம்பதாயிரம் குடுத்திருக்காங்களே, அது என்ன, மொய்யா?"

"ஏட்டி, மெஹர்பானுக்கு மாப்பிள்ள பேசிக்கிட்டு இருக்காக. இந்த நேரத்துல கோர்ட்டு அமீனா போயி அவுக வாசல்ல நின்னா தெரு என்ன பேசும்? அமீனா வந்தான்னா எதுக்கு வந்தான்னா கேக்கப் போறாக? வந்தான்னுதான் பேசுவாக."

"அதுக்கு?"

"நான் தனியா ஒழைச்சுக் குடுத்துருதேன். அக்காவுக்கு நான் கடுதாசி குடுக்க மாட்டேன்."

பேச்சிக்கும் கோர்ட்டு நோட்டீஸ் கொண்டுவருகிற அமீனா என்றால் பயம்தான். அவளுடைய சின்ன வயசில் எதிர்வீட்டில் அமீனா வந்து கதவில் நோட்டீஸ் ஒட்டிவிட்டுப் போனார். அந்த வீட்டுப் பெண்ணுக்குக் கடைசியில் வெளியூரில்தான் மாப்பிள்ளை கிடைத்தது.

அந்த எண்பதாயிரம் வந்த கதையை மூக்காண்டி யாரிடமும் சொன்னதில்லை. வாசுதேவநல்லூரில் ஒரு கல்யாணம். பந்தி முடிந்து, அடுப்புகள் அணைந்து, பெண்கள் கொல்லையில் வரிசையாக உட்கார்ந்து பாத்திரம் துலக்கிக்கொண்டிருந்தார்கள். மலையிலிருந்து குளிர்ந்த காற்று. சேருக்கு முன்பணம் குறைகிறது என்று மூக்காண்டி யாரிடமோ போனில் கெஞ்சிக்கொண்டிருந்ததை மகபூப் பீவி கேட்டிருக்கிறாள். மறுநாள் இன்னொரு கல்யாணத்து அடுப்படியில் அவர் கையில் ஒரு பையைக் கொடுத்தாள். "மெஹர்பானு நிக்காஹ்வுக்குச் சேத்தது. ரெண்டு வருசம் கழிச்சுத் தந்தாப் போதும். சேரு வந்ததும் மொதச் சேருல நாந்தான் உக்காருவேன்." வட்டி பேசவில்லை. பத்திரம் எழுதவில்லை. சொன்னபடியே வந்து, கட்டைப் பிரித்து எடுத்துப் போட்ட முதல் சேரில் ராணி மாதிரி உட்கார்ந்து டீ குடித்துவிட்டுப் போனாள்.

அமீனா ஊருக்குள் ஒரு சுற்று வந்தார். அன்று சாயங்காலமே பூக்கடை பஜாரில் பேச்சு பரவிவிட்டது. மூக்காண்டி மஞ்சக் கடுதாசி கொடுத்துவிட்டான். யார் யாருக்கு வந்தது என்று ஆட்கள் விரல் விட்டு எண்ணினார்கள். டீக்கடையில் ஒருவர் அவர் காதில் விழும்படியே கேட்டார். "என்ன அண்ணாச்சி, அண்டாவுக்கும் கடுதாசி குடுத்தாச்சா?" மூக்காண்டி பாதி டீயோடு எழுந்து வந்துவிட்டார்.

பேச்சு மகபூப் பீவி வீட்டுக்கும் போனது. அவள் ஒரு நாள் காத்திருந்தாள். மறுநாளும் காத்திருந்தாள். தபால்காரரிடம் கேட்டாள். எல்லாருக்கும் வந்தது அவளுக்கு மட்டும் வரவில்லை என்பது உறுதியானதும், ரிசீவர் கூட்டம் என்றைக்கு என்று விசாரித்து வைத்துக்கொண்டாள்.

கூட்டம் நடந்தது கோர்ட்டு வளாகத்தில் ஒரு சின்ன அறையில். ரிசீவர் நடுத்தர வயசுக்காரர், சளி பிடித்திருந்தது. உட்கார ஒரு பெஞ்சும் ரெண்டு நாற்காலியும்தான். கோமதிநாதன் சுவரில் சாய்ந்து நின்றுகொண்டு சொன்னார். "எஞ்சேரு ஐந்நூறு இவரு கிட்டங்கில சும்மா கெடக்கு. இங்க ஒக்கார எடமில்ல, பாத்தீங்களா சார்."

பைனான்ஸ் கம்பெனியிலிருந்து பெனிட்டா என்ற பெண் வந்திருந்தாள். மடியில் பைலை விரித்து வைத்திருந்தாள். சிவசுப்பிரமணியன் பெஞ்சின் நடுவில், வேட்டி மடிப்புக் கலையாமல் உட்கார்ந்திருந்தார். பேச்சியின் அண்ணன் வரவில்லை, வருத்தம் என்று சொல்லி அனுப்பியிருந்தார்.

ரிசீவர் சொத்துப் பட்டியலை வாசித்தார். கிட்டங்கி வாடகை இடம், அதில் ஒன்றுமில்லை. சேர், மேஜை, பாத்திரம். வாசித்துக்கொண்டே வந்தவர், "பெரிய அண்டா மூடி, ஆறு" என்றார்.

"அதுல ஒண்ணு கொஞ்சம் நசுங்கியிருக்கும் பாருங்க" என்றார் சிவசுப்பிரமணியன்.

"உங்களுக்கு எப்படித் தெரியும்?"

"எம்மக லட்சுமிப்ரியா கல்யாணத்துல நசுங்கினது. அன்னைக்கு மழைன்னா மழை, வானமே இடிஞ்சு விழுந்த மாதிரி. பொண்ணு கார்ல உக்காந்திருக்கா, மண்டபத்து வாசல் முப்பதடி தள்ளி. கொடை ஒண்ணும் நிக்கல. இவரு என்ன பண்ணாரு தெரியுமா? அண்டா மூடிய எடுத்துத் தலைக்கு மேல பிடிச்சுக்கிட்டு நாலு பேர கூட்டிட்டு ஓடி வந்தாரு. எம்மகள அதுக்கடியிலயே நடத்திக் கூட்டிட்டுப் போனாக. மேளம் அடிக்கான், மூடியில மழை அடிக்கு, எது மேளம்னே தெரியல. வழுக்கினதுல ஒரு மூடி கீழ விழுந்து நசுங்கிப் போச்சு."

பெனிட்டா சிரித்துவிட்டாள். கோமதிநாதனும் சிரித்தார். மூக்காண்டி கூட, எங்கே உட்கார்ந்திருக்கிறோம் என்பதை மறந்து, "நசுங்குனதுக்கு ஐயா துட்டு குடுக்க வந்தாக, நாந்தான் வாங்கல" என்றார்.

"வே, அதனாலதாம்வே நம்பி ரெண்டு லட்சம் குடுத்தேன்" என்றார் சிவசுப்பிரமணியன். சிரிப்பு அப்படியே நின்றுபோனது. ரிசீவர் மூக்கைச் சீந்தினார்.

அப்போதுதான் கதவருகில் மகபூப் பீவி வந்து நின்றாள். தலைமுக்காட்டை இழுத்து விட்டுக்கொண்டு, யாரையும் பார்க்காமல் ரிசீவரை மட்டும் பார்த்தாள்.

"யாரும்மா நீங்க?"

"மகபூப் பீவி. நானும் இவுகளுக்குத் துட்டு குடுத்தவதான். எனக்கு மட்டும் கடுதாசி வரல."

ரிசீவர் தாளைப் புரட்டினார். "உங்க பேரு இதுல இல்லையேம்மா."

"அதத்தான் கேக்க வந்தேன்."

கூட வந்திருந்த வக்கீல் நிர்மலாதேவி மூக்காண்டி பக்கம் குனிந்து தாழ்ந்த குரலில் சொன்னார். "நடந்ததச் சொல்லுங்க. ஆனா ஒண்ணு தெரிஞ்சுக்கோங்க. தெரிஞ்சே விட்டீங்கன்னா மனுவையே ஜட்ஜ் தள்ளுபடி பண்ணலாம். அப்புறம் இந்தப் பாதுகாப்பு இருக்காது. மறுபடியும் எல்லாரும் வாசலுக்கு வருவாங்க."

மறுபடியும் பின்வாசல். மறுபடியும் பேச்சி பால் சொம்பை முந்தானைக்குள் மறைத்துக்கொண்டு போவாள். மூக்காண்டி அதை நினைத்தார். நிமிர்ந்து பார்த்தபோது மகபூப் பீவி இன்னும் அவரைப் பார்க்காமல் நின்றுகொண்டிருந்தாள்.

"குடுக்கணும் சார். எம்பதாயிரம். நாந்தான் வேணும்னே சொல்லாம விட்டேன்."

சிவசுப்பிரமணியன் எழுந்துவிட்டார். "இதெல்லாம் பழைய வித்தை சார். தாலுகா ஆபீஸ்ல நான் பாக்காததா? வேண்டியவுகள கடைசி நேரத்துல உள்ள நுழைச்சு எங்க பங்கக் குறைக்கிறது. பத்திரம் இருக்கா? பாண்டு இருக்கா? சாட்சி ஆரு?"

"கல்யாண மண்டபத்து அடுப்படியில குடுத்தேன்" என்றாள் மகபூப் பீவி. "அடுப்பத்தான் கூட்டிட்டு வரணும்."

"அம்மா, எழுத்துல ஏதாவது இருந்தாத்தான் நான் எழுத முடியும்" என்றார் ரிசீவர்.

"ஒரு நிமிசம் சார்." கோமதிநாதன் சுவரை விட்டு முன்னால் வந்தார். "என்னைக்கும்மா குடுத்தீங்க?"

"கொரோனாவுக்கு முந்துன தையில. கடைசிக் கல்யாணம்."

"துட்டு எப்படி இருந்துச்சு?"

"எப்படி இருக்கும்? துட்டு மாதிரிதான் இருந்துச்சு."

"அதில்லம்மா. நோட்டு பெரிசா, சின்னதா?"

"கூலி வாங்குற கைக்கு ஐந்நூறு நோட்டு எங்கன இருந்து வரும்? பத்து, இருவது, அம்பது. ஒரு மாவுப் பையில போட்டு வச்சிருந்தேன்."

கோமதிநாதன் ரிசீவர் பக்கம் திரும்பினார். "சார், சேருக்கு முன்பணம்னு அந்தப் பையத்தான் இவரு எங்கிட்ட கொண்டாந்தாரு. எம்பொண்டாட்டியும் நானும் ஒரு மத்தியானம் பூரா எண்ணினோம். எண்ணி முடிச்சுச் சாப்பிட உக்காந்தா கையெல்லாம் உள்ளி வாசம். என்னவே, கோயில் உண்டியல உடைச்சீரான்னு இவர ஏசினேன். பேசாம நின்னாரு."

"அப்போ அந்தப் பணம் உங்ககிட்டதான் வந்திருக்கு."

"ஆமா சார். எழுதிக்கிடுங்க. நான் கையெழுத்துப் போடுதேன். எம்பங்கு கொறையத்தான் செய்யும். அதுக்காக வாங்குனத வாங்கலன்னு சொல்ல முடியாதுல்லா."

சிவசுப்பிரமணியன் சற்று நேரம் கோமதிநாதனையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு உட்கார்ந்து, வேட்டி மடிப்பைச் சரி செய்துகொண்டார். பெனிட்டா பைலில் எதையோ குறித்துக்கொண்டு, "எங்க மேனேஜர்கிட்ட சொல்லணும்" என்றாள். பட்டியலைத் திருத்த ஜட்ஜிடம் மனுப் போடுங்கள், அவர் ஒத்துக்கொண்டால்தான் உண்டு என்று சொல்லி ரிசீவர் கூட்டத்தை முடித்தார்.

வெளியே வேப்பமரத்தடியில் மூக்காண்டி அவளிடம் போனார். "அக்கா."

"எதுக்குலே எம்பேர விட்ட?"

"மெஹர்பானுக்குப் பேச்சு நடக்கு. அமீனா வந்து நின்னா..."

"நின்னா? நான் களவாண்டனா?" அவள் குரல் அடுப்படிக் குரல் இல்லை, ரொம்பத் தணிந்து இருந்தது. "நான் ரெண்டு நாளு ஒறங்கல மூக்கா. பத்திரம் இல்ல, கேக்க ஆம்பள இல்ல, அதனால இவள ஏமாத்திரலாம்னு நெனச்சிட்டான் பாருன்னு நெனச்சேன். எத்தன கல்யாணத்துல ஒண்ணா ஒரு எலையில மிச்சச் சோத்தத் தின்னிருக்கோம், அதெல்லாம் பொய்யான்னு நெனச்சேன்."

"தனியா ஒழைச்சுத் தந்துரலாம்னு..."

"எதுலேருந்து? கடைய ரிசீவரு எடுத்துக்கிட்டாரு. அவுக நாலு பேருக்கும் நீ கடன்காரன். எனக்கு மட்டும் நீ தர்மம் பண்ணப் போறியா? அவுகளுக்கு உள்ள மரியாத எனக்கு இல்லியா?"

அவள் செருப்பை மாட்டிக்கொண்டு நடந்துவிட்டாள்.

ஜட்ஜ் திட்டத்தான் செய்தார். சத்தியம் என்பது என்ன என்று ஒரு கால் மணி நேரம் சொன்னார். பிறகு, மனுதாரர் மறைத்தது தன் லாபத்துக்காக இல்லை என்று தெரிகிறது, பட்டியலைத் திருத்தலாம், விட்டுப்போனவருக்கு அமீனா மூலம் நோட்டீஸ் கொடுங்கள் என்றார். வீட்டை அடையாளம் காட்ட மனுதாரர் கூடவே போக வேண்டும். அதுதான் வழக்கம்.

எதற்குப் பயந்து பொய் சொன்னாரோ அதே தெருவில், அமீனாவுக்கு முன்னால் மூக்காண்டி நடந்தார். பழகிய தெருதான். விடியற்காலையில் வண்டியை முனையில் நிறுத்தி ஆரன் அடித்தால், அக்கா தன் ஆட்களோடு வெற்றிலையை மென்றுகொண்டே வருவாள். அந்த நேரத்துத் தெருவின் வாசனை கூட அவருக்கு ஞாபகம் இருந்தது. இப்போது வெயில் ஏறியிருந்தது. மகபூப் பீவி வீட்டு வாசலில் பழக்கமில்லாத செருப்புகள் நாலைந்து கிடந்தன.

மாப்பிள்ளை வீட்டுக்காரர்கள் வந்திருக்கிறார்கள். மூக்காண்டி சட்டென்று நின்றார். "ஐயா, முனையில நல்ல டீக்கடை இருக்கு. ஒரு டீ குடிச்சிட்டு வருவமா?"

"இப்பத்தான் குடிச்சேன். எந்த வீடுய்யா?"

"இல்ல, ஒரு அரை மணி நேரம் கழிச்சு..."

"ஆரது, தம்பியா?" மகபூப் பீவி வாசலுக்கு வந்துவிட்டாள். அமீனாவையும் அவர் கையிலிருந்த தாளையும் பார்த்தாள். எதிர்வீட்டு ஜன்னலில் ஒரு தலை தெரிந்தது. "இந்த வீடுதான் ஐயா. எங்கன கையெழுத்துப் போடணும்?"

பின்னாலேயே பருமனான ஒரு அம்மாள் எட்டிப் பார்த்தாள், மாப்பிள்ளையின் தாயார். "என்ன சம்பந்தி, கோர்ட்டு ஆளா?"

"ஆமா. நான் ஒருத்தருக்குக் கடன் குடுத்திருக்கேன். அதுக்குக் கோர்ட்லேருந்து எனக்கு எழுதியிருக்காக."

அந்த அம்மாள் தாளை வாங்கி மேலும் கீழும் பார்த்தாள். "எங்க வீட்டுக்கும் மூணு வந்துச்சு. எல்லாம் எம்புருசன் வாங்குனதுக்கு." தாளைத் திருப்பிக் கொடுத்துவிட்டு உள்ளே போனாள். "மெஹர்பானு, டீ ஆறுது பாரு" என்று குரல் மட்டும் கேட்டது.

மகபூப் பீவி கையெழுத்துப் போட்டாள். அமீனா நகலைக் கொடுத்துவிட்டுப் போனார். மூக்காண்டி நின்றுகொண்டே இருந்தார். உள்ளே வா என்று அவள் சொல்லவில்லை. தாளை விரித்துத் தன் பேர் எது என்று கேட்டாள். அவர் விரலை வைத்துக் காட்டினார். அஞ்சாவது பேர்.

"இதுல எவ்வளவு தேறும்?"

"எல்லாத்தையும் வித்தா, ரூவாய்க்கு முப்பது பைசா கெடச்சாப் பெரிசுன்னு வக்கீலம்மா சொல்லுதாக."

அவள் தாளை மெதுவாக மடித்தாள். முப்பது பைசா என்றால் அவளுக்கு எவ்வளவு என்று அவரும் கணக்குப் போட்டு வைத்திருந்தார்.

"வாய்தா என்னைக்குப் போட்டிருக்கு?"

"திங்கக்கெழம பத்தரைக்கு."

"வரும்போது இந்தப் பக்கமா வந்து என்னையக் கூட்டிட்டுப் போ. அன்னைக்குக் கோவத்துல ஏறிட்டேன். தனியா அந்தக் கோர்ட்டுப் படி ஏற எனக்குப் பயமா இருக்கு."